பட்டை இறங்காத தோல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இதை எழுதும் உத்தேசம் எனக்கு இருந்ததில்லை. நான் எழுதிக்கொண்டிருந்தது ஒரு நாவல். ஆம்பூரில் இரண்டு சிநேகிதர்கள் ஒன்றாக வளர்ந்து, சண்டை போட்டு, ஆளாவதைப் பற்றிய நாவல். இருபத்திரண்டு அத்தியாயம் முடித்துவிட்டேன். அதில் இருபத்தொன்றை என் சிநேகிதன் கன்னியப்பன் படித்துவிட்டான். பத்தொன்பதாவதை மட்டும் நான் அவனிடம் கொடுக்கவில்லை. "அது இன்னும் சரியா வரல" என்று நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அது பொய். நான் எழுதியதிலேயே சரியாக வந்தது அந்த ஒரு அத்தியாயம்தான்.

அதை அவனிடம் கொடுக்கத் தைரியம் வரவேண்டுமென்று எழுத உட்கார்ந்ததுதான் இந்தக் கதை. நாவலில் எனக்கு ஒரு புனைபெயரும் அவனுக்கு ஒரு புனைபெயரும் வைத்திருந்தேன். இங்கே அந்த வேஷம் வேண்டாம். என் பெயர் இஷ்தியாக் அகமது. தோல் ஷாப் (தோல் பதனிடும் கூடத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஹயாத் பாஷாவின் மகன். இந்த 1936-ல் எனக்கு நாற்பது வயது. வீட்டில் நாங்கள் பேசுவது உருது. கதை எழுதுவது தமிழில். ஏன் என்று எங்கள் பக்கத்து ஆட்களும் கேட்கிறார்கள், தமிழ்ப் பண்டிதர்களும் கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் பதில் அடுத்த பகுதியில் இருக்கிறது.

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

"பாலாறு மணல் ஓடுகிற ஆறு. அதில் தண்ணீர் ஓடினால்தான் ஊருக்குச் செய்தி. அப்படி ஒரு செய்தி வந்த—"

(நிறுத்திவிட்டேன். ஆற்றை வர்ணித்து ஆரம்பிக்கிற கதைகளை நானே படிப்பதில்லை.)

"1903-ல் வெள்ளம் வந்த காலையில், ஏழு வயதுப் பையன்கள் இரண்டு பேர் ஒரு தோல் ஷாப்பின் கூரைமேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் முதலாளி மகன். இன்னொருவன் அங்கே பட்டை இடிக்கிற சேரிக்காரர் மகன். கீழே—"

(நடந்தது இதுதான். ஆனால் 'முதலாளி மகன்', 'சேரிக்காரர் மகன்' என்று எழுதிய உடனே கதை எனக்கு முன்னால் ஓடிப்போய் நீதி சொல்ல உட்கார்ந்துவிடுகிறது. அன்று காலையில் எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் மடியில் வேர்க்கடலை இருந்தது என்பதுதான். ஊறப்போட்டிருந்த தோல்கள் வெள்ளத்தில் மிதந்து போயின. உயிரோடு மாடுகளே நீந்திப் போவதுபோல் இருந்தது. அவன் தமிழில் எண்ணினான், நான் உருதுவில் எண்ணினேன். முப்பதுக்கு மேல் இருவருக்கும் தெரியவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தோம்.)

"என் சிநேகிதன்தான் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தான்."

இதை வைத்துக்கொண்டேன். இதுதான் நாவலின் முதல் வாக்கியம். நான் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தேன். அவன் தன் அப்பாவோடு ஷாப்பிலேயே தங்கி மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போனான்; அவன் அம்மா மலையடியில் அவர்கள் ஊரிலேயே இருந்தாள். எங்கள் ஷாப்பின் பட்டைக் கிடங்கில், தோல் பதப்படுத்த இடித்து வைத்த ஆவாரம்பட்டையின் தூள் தரையெல்லாம் விரற்கனத்துக்குப் படிந்திருக்கும். அதில் விரலால் 'அ' போட்டுக் காட்டினான். நான் உருது எழுதுகிற பழக்கத்தில் வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

"டேய், எழுத்து இங்கருந்து அங்க போவணும். நீ இன்னா, போற வழியெல்லாம் வூட்டுக்கே திரும்பி வர்ற?" என்றான்.

வெளியூர்க்காரர்கள் ஆம்பூரில் ரயில் நிற்பதற்கு முன்பே மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். அந்த வாசனையில் உட்கார்ந்துதான் நான் தமிழ் படித்தேன். என் எழுத்தில் அது வீசுகிறதென்று யாராவது சொன்னால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இன்னும் கொஞ்சம் வீசட்டும்.

3

இனி சண்டை. உலகத்தில் நடந்ததும், எங்களுக்குள் நடந்ததும்.

1914-ன் கடைசியில் துருக்கி ஜெர்மனியோடு சேர்ந்தது. துருக்கி சுல்தான் எங்களுக்கு கலீபா, முஸ்லிம்களுக்கெல்லாம் தலைவர். நாங்களோ இங்கிலீஷ்காரனின் குடிகள். பள்ளிவாசலில் கலீபாவுக்காகத் தாழ்ந்த குரலில் துஆ கேட்டோம். வெளியே வந்து, கலெக்டர் கூட்டத்தில் ராஜாவின் வெற்றிக்காக உரத்த குரலில் கை தட்டினோம். பெரியவர்களுக்கு இது பழகிப்போனது. எனக்கு அப்போது பதினெட்டு வயது. ஒரே வாயால் இரண்டும் செய்வது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

1916 மாசி மாதம் கன்னியப்பன் ஷாப்புக்கு வந்தான். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தான்.

"பட்டாளத்துல சேந்துட்டேன். ரோடு போடற பட்டாளம். துப்பாக்கியும் உண்டு, மம்முட்டியும் உண்டு."

"எங்க அனுப்பறாங்க?"

"பஸ்ராவாம். துருக்கிக்காரன் கூட சண்டை."

நான் கையிலிருந்த தோலைக் கீழே வைத்தேன். "உனக்கு வேற சண்டையே கிடைக்கலையா?"

"சண்டைய நாமளா பொறுக்கறோம்? கூப்ட்டாங்க, போறேன்."

"எங்க கலீபா மேல துப்பாக்கி தூக்கப் போற."

"உங்க கலீபா எந்த ஊருன்னு எனக்குத் தெரியாது இஸ்தியாக். எங்க ஊரு தெரியும். அங்க நான் தெருவுல செருப்ப கையில தூக்கிக்கினு நடக்கணும். பட்டாளத்துல பூட்ஸு தர்றாங்க. போடலன்னா தண்டனையாம்!" அவன் சிரித்தான். "கேட்டுக்கினியா? போட்டா இல்ல, போடலன்னாதான் தண்டனை!"

நான் சிரிக்கவில்லை. "ஒரு ஜோடி பூட்ஸுக்காக எங்க மார்க்கத்த மிதிப்பியா?"

அவன் சிரிப்பு நின்றது. ஷாப்பைச் சுற்றிப் பார்த்தான். சர்க்காருக்குப் போக வேண்டிய கட்டுகள் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. "அந்த பூட்ஸுக்குத் தோலு எங்கருந்து போவுது? இங்கருந்துதான? நீ தோலு கொடுப்ப, நான் காலு கொடுக்கக் கூடாதா?"

பதில் இல்லாதவன் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "திரும்பி வந்தா இந்தப் பக்கம் வராதே."

'போறேன்' என்று அவன் சொல்லியிருக்கலாம். "வர்றேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனான்.

* நாவலில் இந்தச் சண்டை வருகிற அத்தியாயத்தைப் படித்தபோது கன்னியப்பன் கேட்டான்: "எனக்கு நல்ல நல்ல பேச்சா வெச்சிட்டியே, நான் இவ்ளோ நல்லாவா பேசினேன்?" "பேசினே" என்றேன். "அப்ப இருக்கட்டும்" என்றான்.

4

இனி வருகிறவனை எனக்குப் பிடிக்கவில்லை. எழுதுகிறவன் என்ற முறையில் அவன்மேல் எனக்குச் சந்தேகமும் உண்டு. இவ்வளவு கேடு செய்கிறவன் இவ்வளவு அமைதியாக இருப்பானா? வாசகர் நம்புவாரா? ஆனால் அவன் நான்தான். அப்படித்தான் இருந்தேன்.

அந்த வருஷம் சர்க்கார் எங்கள் தோலையெல்லாம் தனக்கே என்று எடுத்துக்கொண்டது. வேறு யாருக்கும் விற்கக் கூடாது. நான் அப்பாவிடம் போய் நின்றேன். (எங்கள் பேச்சு உருதுவில் நடந்தது. தமிழில் எழுதும்போது அப்பாவின் கோபம் கொஞ்சம் கம்மியாகத் தெரிகிறது.)

"கலீபாவை எதிர்க்கிற பட்டாளத்துக்கு நாம் தோல் தரக் கூடாது அப்பா."

"நாம எங்க தர்றோம்? அவங்க எடுத்துக்கறாங்க."

"ஷாப்பை மூடிடலாம்."

"மூடலாம். இங்க வேலை செய்யற நூறு பேரோட வீட்டு அடுப்புக்கும் நீ போய் துஆ ஓது. எரியுதா பார்க்கலாம்." பிறகு தணிந்து சொன்னார்: "அல்லாவுக்கு என் மனசு தெரியும். நீ போய் தரம் பிரி."

தரம் பிரிப்பதுதான் என் வேலை. பதமான தோலை ஓரத்தில் கத்தியால் கீறிப் பார்த்தால் வெட்டுவாய் முழுக்க ஒரே நிறமாக இருக்கும். பட்டைச் சாறு உள்வரை இறங்காத தோலில், நடுவே நூல்போல ஒரு வெள்ளைக் கோடு தெரியும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் கோடு உள்ள தோல் ஈரத்தில் ஊறும், மெத்தென்று நைந்துபோகும், கடைசியில் அழுகும். அதை மறுபடி பட்டைச் சாற்றுக் குழியில் போட வேண்டும். அதுதான் தொழில் தர்மம்.

ஐப்பசி மாதத்தில் ஒரு வாரம் நான் அவற்றைக் குழியில் போடவில்லை. நல்ல தோல்களுக்கு நடுவே வைத்துக் கட்டினேன். மேலே நாலு நல்ல தோல், கீழே நாலு நல்ல தோல். நாற்பத்திரண்டு தோல்கள். சென்னையில் சோதிக்கிறவன் மேலிருந்து ஒன்றும் கீழிருந்து ஒன்றும் உருவிப் பார்ப்பான் என்று எனக்குத் தெரியும்.

அந்த பூட்ஸ் பாக்தாத் பக்கத்துப் புண்ணிய பூமியை மிதிக்கும்போது பிய்ந்து போகட்டும் என்று நினைத்தேன். அன்று நான் பெருமைப்பட்டேன். மறைக்க மாட்டேன், அன்றைய தொழுகையில் என் முதுகு வழக்கத்தைவிட நேராக இருந்தது.

(இந்த இடத்தில் நாவலில் "அந்தக் கணத்திலேயே அவன் நெஞ்சில் ஒரு முள்—" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். முள்ளும் இல்லை, ஒன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டேன்.)

5

முள்ளைத் தபால்காரர் கொண்டுவந்தார். நாலைந்து மாதம் கழித்து ஒரு கார்டு. 'வராதே' என்று சொல்லி அனுப்பியவனுக்கு அவன் எழுதியிருந்தான்:

"இஸ்தியாகுக்கு. இங்கே வெயில் ஜாஸ்தி, நிழல் கம்மி. மழை பெய்தால் சேறு முழங்கால்வரை பிடித்துக்கொண்டு விடுவதில்லை. போன வாரம் புது பூட்ஸ் கொடுத்தார்கள். மோந்து பார்த்தேன். ஆவாரம்பட்டை. நம்ம ஊர்த் தோல். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் இன்னொரு தடவை மோந்து பார்த்தேன். கன்னியப்பன்."

அவ்வளவுதான். கார்டைப் பிடித்துக்கொண்டு கட்டுகள் அடுக்குகிற இடத்துக்கு ஓடினேன். எதற்கு ஓடினேன்? அந்தக் கட்டுகள் ரயிலேறி, கப்பலேறி, எங்கோ தைக்கப்பட்டு, யார் யாருடைய காலிலோ ஏறிவிட்டிருக்கும்.

பதில் எழுத உட்கார்ந்தேன்.

"அந்த பூட்ஸை ஓரத்தில் கீறிப் பார், நடுவே வெள்ளையாக—"

"போடாதே. காரணம் கேட்காதே. நான்—"

"கன்னியப்பா, ஐப்பசியில் ஒரு வாரம்—"

என் எழுத்துத் தொழிலில் முதன்முதலாகக் கைவிட்ட வாக்கியங்கள் இவைதான். கடைசியில் தபாலில் சேர்த்தது: "சௌக்கியம். வா."

அதற்குப் பிறகு ஆம்பூரிலேயே கறாராகத் தரம் பிரிக்கிறவன் என்று பெயர் எடுத்தேன். அப்பாவுக்கு அதில் பெருமை. பள்ளிவாசலில் கலீபாவின் படை ஜெயிக்க வேண்டும் என்று கை ஏந்தினேன். அதே கையை ஏந்தி, எதிர்ப்படையில் இருக்கும் ஒருவனுடைய இரண்டு கால்களையும் காப்பாற்றும்படி கேட்டேன். பாக்தாத் இங்கிலீஷ்காரன் கையில் விழுந்த செய்தி வந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். என் அழுகையில் எது எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

6

1919-ல் அவன் வந்தான். ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ரயிலிலிருந்து முதலில் ஒரு பூட்ஸ் கால் இறங்கியது. அடுத்த கால் கொஞ்சம் யோசித்து இறங்கியது. இடது கால். பூட்ஸுக்குள் மூன்று விரல் இல்லை என்று பிறகு பார்த்தேன்.

"இன்னா ஆச்சு?" என்றேன்.

"பட்டாளத்துல கொடுத்துட்டு வந்தேன்" என்றான். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. பழைய சண்டையைப் பற்றி இருவருமே பேசவில்லை. "பசிக்குது" என்றான், ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டோம்.

மறுநாள் மாட்டு வண்டியில் அவன் ஊருக்குப் போனோம். ஒடுகத்தூர்ப் பக்கத்தில், மலையடியில் ஒரு கிராமம். (பெயரை எழுதவில்லை. அந்தத் தெருக்காரர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது என் வாசகர்கள்.) ஊர்த்தெருவைத் தாண்டித்தான் சேரிக்குப் போக வேண்டும். தெருமுனையில் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"ஏன்?"

"நடக்கணும்."

காக்கிச் சட்டை, மெடல், பூட்ஸ். நானும் இறங்கினேன். என் காலிலும் ஷூ இருந்தது. அந்தத் தெருவில் நான் பத்துத் தடவை நடந்திருக்கிறேன், கழற்று என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. எனக்கு அது அதுவரை தோன்றியதே இல்லை.

இரண்டாவது வீட்டு வாசலில் ஊர் மணியக்காரர் சுந்தரமூர்த்தி நின்றிருந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"கன்னியப்பா, வந்துட்டியா? நல்லபடியா வந்தியே, சந்தோஷம். அத கழட்டி கையில எடுத்துக்கினு போ."

"ஐயா, இது என் பூட்ஸு இல்ல, சர்க்கார் பூட்ஸு. கழட்டணும்னா ஆர்டர் வேணும்."

"இந்தத் தெருவுக்கு நான்தான் ஆர்டர்."

இங்கே நாவலில் நான் ஒரு பக்க நீளத்தில் ஒரு பிரசங்கம் வைத்திருந்தேன். முதலாளி மகன் முன்னால் வந்து, "மனிதன் மனிதனை—" என்று தொடங்குகிறான். கன்னியப்பன் படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"நீ பேசினதா எழுதியிருக்கியே. நீ பேசலயே?"

"கதைக்குத் தேவைப்பட்டது."

"அப்ப அந்தக் கதை வேற தெருவுல நடக்கட்டும்."

பிரசங்கத்தை எடுத்துவிட்டேன். நடந்தது இதுதான்: நான் பேச வாயெடுத்தேன். அவன் என் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "இஸ்தியாக், வாயத் தொறக்காதே. நீ கேட்டு அவங்க விட்டா, அது நீ வாங்கிக் கொடுத்த வழி. நீ கூட வா, போதும்."

நடந்தான். இருபத்தெட்டு வீடுகள். பூட்ஸ் சத்தம் ஒரு கால் பலமாகவும் ஒரு கால் மெல்லவுமாக விழுந்தது. ஆறாவது வீட்டிலிருந்து சாணித் தண்ணீர் வந்து அவன் முழங்காலை நனைத்தது. அவன் குனிந்து பார்க்கவில்லை. ஒரு கல் என் தோளில் பட்டது. அவனுக்கு வைத்த குறி. எனக்குக் கால் வேகம் பிடித்தது. அவனுக்கும் பிடித்தது. நொண்டுகிறவன் வேகமாக நடந்தால் ஓடுகிற மாதிரித்தான் தெரியும்.

தெருவின் மறுமுனையில், சேரிக்காரர்கள் நிற்க வேண்டிய எல்லைக் கல்லுக்கு அப்பால், அவன் அம்மா ரங்கம்மாள் நின்றிருந்தாள். மூன்று வருஷம் கழித்து மகனைப் பார்க்கிறாள். 'வந்துடுடா' என்று கதறுவாள், அல்லது 'கழட்டிடுடா' என்று கெஞ்சுவாள் என்று நினைத்தேன். அவள் இரண்டு கைகளையும் வாயில் குவித்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கிறமாதிரி கத்தினாள்:

"மெதுவா நட! ஓட்றாப்புல தெரியக் கூடாது!"

அவன் வேகத்தைக் குறைத்தான். பன்னிரண்டாவது வீட்டிலிருந்து இருபத்தெட்டாவது வீடு வரைக்கும் நிதானமாக, கோயில் தேர் வருவதுபோல நடந்தான். அதற்குப் பிறகு ஒரு கல்கூட வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. எழுத்தாளனாக நான் ஒரு காரணம் கண்டுபிடித்துத் தரலாம். தர மாட்டேன்.

7

பெருமைக்கு விலை உண்டு, அதையும் எழுதத்தான் வேண்டும். மறுநாளிலிருந்து சேரியில் யாருக்கும் வேலை இல்லை. வேர்க்கடலை பிடுங்குகிற சமயம் அது. "உன் ஒருத்தன் கால் பூட்ஸுக்கு எங்க பசங்க பட்டினியா?" என்று கன்னியப்பனிடம் அவன் சித்தப்பாவே கேட்டார். அவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டான். தெருவில் குனியாத தலை.

ரங்கம்மாள்தான் முடிவு எடுத்தாள். பதினோரு குடும்பத்தையும் கூப்பிட்டு, "ஆம்பூருக்குப் போலாம். அங்க நாத்தம் அடிக்கும். ஆனா எவனும் உன் காலப் பாத்துப் பேச மாட்டான்" என்றாள். ஏழு குடும்பங்கள் கிளம்பின. நாலு குடும்பங்கள் இருந்துவிட்டன. அவர்களைக் கோழைகள் என்று ஒரு வரைவில் எழுதியிருந்தேன். கன்னியப்பன் அந்தச் சொல்லைத் தானே பென்சிலால் அடித்தான்.

வந்த ஏழு குடும்பங்களுக்கும் அப்பா வேலை கொடுத்தார். தர்மம் இல்லை. முந்தின வருஷத்து விஷ ஜுரத்தில் ஆட்கள் செத்துப்போய், ஷாப்பில் பாதிக் குழிகள் காலியாகக் கிடந்தன.

கன்னியப்பன் குழியில் இறங்கவில்லை. சேரிப் பிள்ளைகளுக்கென்று சர்க்கார் ஆரம்பித்த பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராகச் சேர்ந்தான். மாலையில் கணக்கும் சொல்லிக்கொடுப்பான். ஆம்பூரில் ஊர்வலம் எதுவானாலும் அவன் பிள்ளைகள் அணிவகுத்து வருவார்கள். அறுபது பேரும் இடது காலை வைக்கும்போது லேசாக ஒரு நொண்டு நொண்டுவார்கள். மாஸ்டர் நடப்பதைப் பார்த்துப் படித்த நடை. மார்ச் என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துச் சிரிக்கிற கூட்டத்தில் எனக்கு மட்டும் மார்பு விம்மும்.

8

என் மனைவி குர்ஷித்துக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நான் எழுதுவதையெல்லாம் உருதுவில் சொல்லச் சொல்லிக் கேட்பாள். பத்தொன்பதாவதையும் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு வெற்றிலையை மடித்தவள் வாயில் போடாமல் வைத்திருந்தாள்.

"இருபது வயசுல பண்ணது. நாப்பது வயசுல ஒளிக்கிறீங்க. எது பெரிய தப்பு?" என்றாள்.

"அவன் என்னை விட்டுட்டா?"

"விடறதும் விடாததும் அவர் முடிவு. அதையும் நீங்களேவா எழுதுவீங்க?"

அதற்குப் பிறகுதான் இந்தப் பக்கங்களை எழுத ஆரம்பித்தேன். இதுவரை வந்துவிட்டேன். இதற்கு மேல் என்ன எழுத வேண்டும் என்றால், முதலில் போய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

9

கொடுத்தேன்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு, வெயில் சாய்கிற நேரம். பிள்ளைகள் போய்விட்டார்கள். கன்னியப்பன் பெஞ்சில் உட்கார்ந்து, உதடு அசைய அசைய, ஒரு வரி விடாமல் படித்தான். நான் எதிரே நின்றேன். உட்கார் என்று அவன் சொல்லவில்லை.

முடித்ததும் காகிதங்களைத் தட்டி ஓரம் சேர்த்தான்.

"எத்தினி தோலு?"

"எழுதியிருக்கேனே. நாப்பத்திரெண்டு."

"ஒரு தோலுல எத்தினி ஜோடிக்கு மேல்தோலு வரும்?"

"நாலு."

எழுந்து போய், கரும்பலகையில் சாக்பீஸால் போட்டான். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னான்: "நாப்பத்திரெண்ட நாலால பெருக்கினா நூத்தி அறுபத்தெட்டு ஜோடி. முன்னூத்தி முப்பத்தாறு காலு." திரும்பினான். "உன் அத்தியாயம் முழுக்க ஒரே ஒரு காலுதான் வருது. என் காலு. மத்த முன்னூத்தி முப்பத்தஞ்சு காலு யாருது இஸ்தியாக்? பட்டாணி, கூர்க்கா, வெள்ளக்காரன், மெட்ராஸ்காரன். அவன்லாம் எந்த ஊரு பட்டைக் கிடங்குல உனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தான்? ஒருத்தனும் இல்ல. அதனால அவன் காலு உன் கண்ணுக்குத் தெரியல."

இருபது வருஷமாக நான் என் குற்றத்தை எடைபோட்டு வைத்திருந்தேன். தராசே சின்னது என்று அப்போதுதான் தெரிந்தது.

"உன் விரலு..." என்றேன்.

"சொல்றேன். ரயில் ரோடு போடும்போது தண்டவாளம் விழுந்துச்சு. அது ஒண்ணு. சதுப்புல நின்னு நின்னு பூட்ஸு நைஞ்சு, விரலு அழுகி, டாக்டரு வெட்டினாரு. அது ரெண்டு. துருக்கிக்காரன் குண்டு. அது மூணு. இதுல ஒண்ணுதான் நடந்தது."

"எது?"

"சொல்ல மாட்டேன்."

"கன்னியப்பா—"

"தண்டவாளம்னு சொன்னா நீ நிம்மதியா போய்டுவ. சதுப்புன்னு சொன்னா என் கால்ல வுழுந்து அழுவ, அழுதுட்டு அப்பால நிம்மதியா போய்டுவ. ரெண்டும் எனக்கு வேணாம். மூணையும் எழுது. மத்த காலையும் எழுது. அழுதேன் அழுதேன்னு நாலு எடத்துல எழுதியிருக்க பாரு, அத எடு."

"நாம தோஸ்த்துதானே?" என்று கேட்டேன். நாற்பது வயதில் கேட்கிற கேள்வியா அது!

"அது இந்த அத்தியாயத்துல இல்ல" என்றான். காகிதங்களை என்னிடம் திருப்பிக் கொடுக்காமல் மேஜைக்குள் வைத்துப் பூட்டினான்.

அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல் ஷாப்புக்கு வந்தான். டீ வாங்கிக் குடித்தான். இருபத்து மூன்றாவது அத்தியாயம் எங்கே என்று கேட்டான். எழுதவில்லை என்றேன். "எழுது" என்றான்.

10

ஆகவே, வாசகரே, என்னிடம் முடிவு இல்லை. இருக்கிறவன் தர மாட்டேன் என்கிறான். அவனிடம் இருப்பதில் எனக்கு ஒரு பெருமையும் இருக்கிறது: என் கதையின் முடிவைப் பூட்டி வைக்கிற அளவுக்கு உரிமையுள்ள ஒரு சிநேகிதன் எனக்கு வாய்த்திருக்கிறான்.

தண்டவாளம், சதுப்பு, குண்டு. மூன்றில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இரக்கம் காட்ட வேண்டுமானால் முதலாவது. தண்டிக்க வேண்டுமானால் இரண்டாவது. யுத்தத்தின் தலையில் போட்டுவிட்டு எழுந்து போக வேண்டுமானால் மூன்றாவது. உங்களுக்கு அந்த உரிமை உண்டு. கதைக்குள் என்னையும் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை.

ஆனால் எதை எடுத்தாலும், 1919-ல் ஒரு காலையில் என் சிநேகிதன் அந்தத் தெருவின் இருபத்தெட்டு வீடுகளையும் பூட்ஸ் காலோடு, மெதுவாக, நடந்து கடந்தான். அதை மட்டும் மாற்ற உங்களுக்கும் அனுமதி இல்லை, எனக்கும் இல்லை.